‘கம்பெனி நடத்தலப்பா, போட்டோ அனுப்பிக்கிட்டு இருக்கேன்’

கேள்வி: நான் மெட்ராஸ் ரெஜிமென்டில் 26 வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். ஊர் தென்காசி பக்கம். ஒரே மகன் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, சென்னை பரங்கிமலையில் இருக்கும் ராணுவ அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் பயிற்சி எடுத்து, ஷார்ட் சர்வீஸ் கமிஷனில், அதாவது சில வருடம் மட்டும் பணி என்ற முறையில் அதிகாரியானான். பாஸிங் அவுட் அன்று அவனுக்கு முதல் சல்யூட் அடித்தவன் நான்தான். இப்போது மேஜர். 9 வருடம் முடிந்துவிட்டது. பத்தாவது வருடத்தோடு வெளியே வந்துவிடுவேன் என்கிறான். காரணம் கேட்டால், “நான் கம்பெனி நடத்தலப்பா, போட்டோ எடுத்து அனுப்பிக்கிட்டு இருக்கேன்” என்கிறான். (கம்பெனி என்றால் ராணுவத்தில் நூற்றுச் சொச்சம் ஜவான்கள் கொண்ட பிரிவு.) அவனோடு வந்தவர்களில் பலரும் இதே யோசனையில் இருக்கிறார்களாம். ராணுவத்தில் தலைமை அவ்வளவு கெட்டுப்போய்விட்டதா? நான் அவனைத் தடுக்க வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: சாப், வணக்கம். பழைய பழக்கத்தில் ஒரு சுபேதாரை அப்படித்தான் கூப்பிட வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். நானும் காலாட்படையில் இருந்து கர்னலாக வெளியே வந்தவன். இப்போது பணியை விட்டு வரும் அதிகாரிகளுக்கு அடுத்த வேலைக்கான வழி சொல்வதுதான் என் தொழில். வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் பேசுகிறார்கள். எல்லோரும் முப்பதைத் தாண்டிய மேஜர்கள், கேப்டன்கள். “சம்பளம் போதவில்லை” என்று பேச்சைத் தொடங்குகிறவர்கள் குறைவு. உங்கள் மகன் சொன்ன வாக்கியத்தை வேறு வேறு சொற்களில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

உங்கள் முதல் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் கிடையாது. களத்தில் தலைமை கெடவில்லை. 1999 கார்கில் போரில் படாலிக்கில் உயிர்விட்ட திருச்சிக்காரர் மேஜர் சரவணன், 2014-ல் காஷ்மீரின் ஷோபியானில் வீழ்ந்த மேஜர் முகுந்த் வரதராஜன், இருவரும் உங்கள் மகன் நின்ற அதே பரங்கிமலை மைதானத்திலிருந்து போனவர்கள்தான். 2020 ஜூனில் லடாக்கின் கல்வானில் இறந்த கர்னல் சந்தோஷ் பாபு ஒரு பட்டாலியனின் சி.ஓ., அதாவது அந்தப் படைப்பிரிவின் தலைமை அதிகாரி. பின்னால் உட்கார்ந்து கட்டளை போட்டுக்கொண்டிருந்தவர் அல்ல. குண்டு பறக்கும் இடத்தில் நம் அதிகாரி முன்னால்தான் நிற்கிறார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சிக்கல் குண்டு பறக்காத இடத்தில், அதாவது பீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. அதைச் சொல்ல என் கதையையே சொல்கிறேன். நல்ல கதை இல்லை.

நான் சி.ஓ.வாக இருந்தபோது வடக்கே ஒரு பீஸ் ஸ்டேஷன். பெரிய இன்ஸ்பெக்ஷனுக்கு மூன்று நாள் இருந்தது. நான் பிரிகேடில் கூட்டத்துக்குப் போயிருந்தேன். எனக்கு அடுத்த நிலையில் இருந்த டூ ஐ.சி.யும் ஊரில் இல்லை. ஒரு கம்பெனியை ஒரு கேப்டன் பார்த்துக்கொண்டிருந்தார், வயது 27. அவருடைய ஆள் ஒருவனுக்கு ஊரிலிருந்து போன், அம்மா ஆஸ்பத்திரியில். கேப்டன் அந்த இடத்திலேயே பத்து நாள் லீவு எழுதி, யூனிட் வண்டியிலேயே ஸ்டேஷனுக்கு அனுப்பி, ரயிலேற்றிவிட்டார். அந்த ஆள்தான் இன்ஸ்பெக்ஷன் செயல்விளக்கத்தில் மைக் பிடித்துப் பேச வேண்டியவன். ஒரு மாதமாகப் பழக்கியிருந்தோம்.

சாயங்காலம் திரும்பி வந்ததும் கேப்டனைக் கூப்பிட்டேன். அலுவலகக் கதவு திறந்திருந்தது. வெளியே சுபேதார் மேஜரும் ஹெட் கிளார்க்கும் நிற்பது தெரிந்துதான் கத்தினேன். “யாரைக் கேட்டு அனுப்பினாய்? போனில் பிடித்திருக்க முடியாதா?” கேப்டன் “ரைட் சார்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து எல்லாவற்றையும் என்னைக் கேட்டுத்தான் செய்தார். ராஷன் வண்டி கிளம்பலாமா சார், பெயின்ட் எந்த நிறம் சார். பையன் திருந்திவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். பதினாலு மாதம் கழித்து வெளியே போக மனு போட்டார். காரணம் என்ற கட்டத்தில் “மேல்படிப்பு” என்று எழுதியிருந்தார். நானும் கையெழுத்துப் போட்டேன்.

பல வருடம் கழித்து பெங்களூரு விமான நிலையத்தில் பார்த்தேன். ஒரு பெரிய கிடங்கில் 400 பேருக்குப் பொறுப்பாளராக இருந்தார். காபி வாங்கிக் கொடுத்தார். பழசெல்லாம் பேசிவிட்டு எழுந்திருக்கும்போது சொன்னார்: “சார், அந்த ஆள் ஊருக்குப் போய்ச் சேரும்போது அவங்கம்மா உயிரோட இருந்தாங்க. அடுத்த நாள்தான் போனாங்க.” அதற்கு மேல் அவரும் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்ஷன் நன்றாகத்தான் நடந்தது. வேறொருவன் மைக் பிடித்தான்.

நான் கெட்டவனா சாப்? அப்போது கேட்டிருந்தால் இல்லவே இல்லை என்றிருப்பேன். என்னை அன்று ஆட்டிவைத்தது எது என்று இப்போது தெரியும். லெப்டினன்ட் கர்னல் வரை காலக்கணக்கில் வந்துவிடலாம். கர்னல் பதவிக்கு நம்பர் 3 செலக்ஷன் போர்டு, அதைத் தாண்டி பிரிகேடியருக்கு நம்பர் 2 போர்டு. ஒவ்வொரு படியிலும் பாதிக் கூட்டம் நின்றுவிடும். போர்டின் முன்னால் ஆள் போவதில்லை, ஏ.சி.ஆர். என்ற காகிதம்தான் போகிறது, மேலதிகாரி வருடாவருடம் எழுதும் ரகசிய மதிப்பீடு. அதில் மதிப்பெண் 9-க்கு. எட்டு என்றால் வெளியில் நல்ல மதிப்பெண் மாதிரி இருக்கும், கூட இருப்பவர்கள் எல்லாம் ஒன்பது வாங்கும் இடத்தில் எட்டு என்பது முடிந்த கதை. சி.ஓ. நாற்காலியில் இருப்பது ஏறக்குறைய இரண்டரை வருடம். அந்த இரண்டு மூன்று காகிதங்கள் இருபது வருட உழைப்பைத் தீர்மானித்துவிடும். ஒரு ஜீப் கவிழ்ந்தால், ஒரு துப்பாக்கி காணாமல் போனால், ஒரு இன்ஸ்பெக்ஷன் சொதப்பினால் போச்சு.

அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்தவன் என்ன செய்வான்? கீழே இருப்பவன் தப்புச் செய்ய வழியே இல்லாமல் பார்த்துக்கொள்வான். தப்புச் செய்ய வழியில்லை என்றால் முடிவெடுக்கவும் வழியில்லை. ராணுவத்தில் இதை ‘ஜீரோ எரர்’ வியாதி என்போம். எல்லோருக்கும் தெரியும், மருந்து கொடுக்கத்தான் ஆளில்லை. ஏனென்றால் மருந்து கொடுக்கும் இடத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த வியாதியோடேயே மேலே போனவர்கள். என்னையும் சேர்த்துத்தான்.

உங்கள் காலத்திலும் இதெல்லாம் இருந்ததே என்பீர்கள். இருந்தது. ஜெனரல் வருகிறார் என்றால் கல்லுக்கெல்லாம் காவியும் சுண்ணாம்பும் அடித்த கைதானே உங்களுடையது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நீங்கள் உச்சியில் ஒரு போஸ்ட்டில் இருந்தபோது, கீழே பேச வயர்லெஸ் ஒன்றுதான். பனி பெய்தால் அதுவும் கிடையாது. அங்கே கம்பெனி கமாண்டர்தான் ராஜா. சரியோ தப்போ அவர் முடிவு. அந்த மூன்று நான்கு மாதம் ஒரு கேப்டனை ஆளாக்கிவிடும். இப்போது பாக்கெட்டில் போன் இருக்கிறது. வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மரம் நட்டால் போட்டோ, குழி வெட்டினால் போட்டோ, ஓட்டப் பயிற்சி நடந்தால் வேர்வையோடு ஒரு போட்டோ. பட்டாலியன் கேட்கும், அதை பிரிகேட் கேட்கும், அவர்களிடம் டிவிஷன் கேட்கும். உங்கள் மகன் சொன்னது உவமை இல்லை சாப், அவர் நாளில் பாதி அப்படித்தான் போகிறது.

இதில் இன்னொரு முடிச்சு உண்டு. 2004 கடைசியில் ஏ.வி. சிங் குழுவின் பரிந்துரைப்படி பதவி உயர்வை வேகப்படுத்தினார்கள். இரண்டு வருடத்தில் கேப்டன், ஆறு வருடத்தில் மேஜர், 13 வருடத்தில் லெப்டினன்ட் கர்னல். நல்ல எண்ணம்தான், இளைஞர்கள் சோர்ந்துபோகக் கூடாது என்று. ஆனால் தோளில் நட்சத்திரம் கூடிய அளவுக்குக் கையில் அதிகாரம் கூடவில்லை. முன்பு கேப்டன் செய்த வேலையை இப்போது மேஜர் செய்கிறார், மேஜர் செய்ததை லெப்டினன்ட் கர்னல். அசோகச் சின்னத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, மெஸ் தோட்டத்தில் எந்தப் பூ நட வேண்டும் என்று மேலே கேட்டுவிட்டு நிற்கிறவரை நானே பார்த்திருக்கிறேன். சிரிக்கலாம். அவர் மனைவி முன்னால் சிரிக்க முடியாது.

ஆள் குறைவும் சேர்ந்துகொள்கிறது. தரைப்படையில் சுமார் 50,500 அதிகாரிகள் இருக்க வேண்டும், 2024 நடுவில் இருந்தவர்கள் 42,000 சொச்சம் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொல்லப்பட்டது. ஆறில் ஒரு நாற்காலி காலி. வெளியே போகிறவர்களால் மட்டும் வந்த பள்ளம் இல்லை இது, உள்ளே வருகிறவர்களும் போதவில்லை. நான் 21 அதிகாரிகள் இருக்க வேண்டிய பட்டாலியனை 11 பேரை வைத்து ஓட்டியிருக்கிறேன். அந்தப் பதினொன்றிலும் ஒருவர் கோர்ஸில், ஒருவர் லீவில், ஒருவர் ஏதோ விசாரணைக் குழுவில். மிச்சமிருக்கும் இளைஞன் தலையில் மூன்று பேர் வேலை விழும். மூன்று பேர் வேலையைக்கூடச் செய்துவிடுவார்கள், அந்த வயதில் தெம்பு உண்டு. அந்த மூன்றிலும் தன் முடிவு என்று ஒன்றுகூட இல்லாதபோதுதான் விட்டுப்போகும்.

வீட்டுக் காரணங்கள் இல்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு ஊர், மனைவி வேலைக்குப் போக முடியாது, பிள்ளைக்குப் பள்ளி மாறிக்கொண்டே இருக்கும். இதெல்லாம் தெரிந்துதான் வருகிறார்கள், ஆனாலும் கல்யாணத்துக்குப் பிறகு கனம் கூடிவிடும். மகனுக்குக் கல்யாணமாகியிருந்தால், இதில் மருமகள் என்ன நினைக்கிறார் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டுப் பாருங்கள்.

நம் ஊரில் மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். வியட்நாமில் மை லாய் கிராமப் படுகொலை வெளியே வந்தபிறகு, 1970-ல் அமெரிக்கத் தரைப்படைத் தளபதி வெஸ்ட்மோர்லேண்ட் தங்கள் போர்க் கல்லூரியிடமே ஓர் ஆய்வு கேட்டார். அதிகாரிகள் மனம்விட்டுச் சொன்னார்கள். மேலே இருப்பவர்கள் தங்கள் பதவி உயர்வையே பார்க்கிறார்கள், தப்பே நடக்கவில்லை என்று காட்டப் பொய்க் கணக்கு எழுத வைக்கிறார்கள் என்றார்கள். படித்த தளபதி அதிர்ந்துபோய், அறிக்கையைப் பரவலாக வெளியே விடவில்லை. அப்புறம் 2007-ல், இராக் போர் நடந்துகொண்டிருந்தபோது அவர்களுடைய கேப்டன்கள் கூட்டமாகக் கழன்றுகொண்டார்கள். இன்னும் சில வருடம் இருந்தால் 35,000 டாலர் வரை தருகிறோம் என்று பணத்தை வைத்தார்கள். போகத் தீர்மானித்தவனைப் பணம் நிறுத்துமா? எப்படியும் இருக்கப்போகிறவனும் அதை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

2020-ல் அவர்கள் தொடங்கிய ஒரு முறைதான் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. பட்டாலியன் சி.ஓ. ஆகப்போகிறவர்களை ஃபோர்ட் நாக்ஸ் என்ற இடத்துக்குக் கூப்பிட்டுச் சில நாள் சோதித்தார்கள். ஓட வைத்தார்கள், எழுத வைத்தார்கள், மனநல நிபுணரிடம் உட்கார வைத்தார்கள். முகம் தெரியாமல் திரைக்குப் பின்னாலிருந்து நேர்காணல். இதையெல்லாம்விட முக்கியம், அந்த ஆளின் கீழ் வேலை பார்த்தவர்களிடமும் கேட்டார்கள். என் கீழ் இருந்த இளைஞர்களிடம் யாராவது கேட்டிருந்தால் நான் சி.ஓ. ஆகியிருப்பேனா என்பது சந்தேகம். கேட்டிருக்க வேண்டும்.

சரி, உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருவோம். தடுக்க வேண்டுமா?

முதலில் கணக்கு. இதில் நிறைய அப்பாக்கள், முக்கியமாக உங்களை மாதிரி ராணுவத்திலேயே இருந்தவர்கள், தடுமாறுகிறார்கள். உங்கள் காலத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு 15 வருடத்தில் பென்ஷன் உறுதி. அதிகாரிக்கு 20 வருடம் வேண்டும். ஷார்ட் சர்வீஸ் என்பது 10 வருடம், விருப்பப்பட்டால் இன்னும் 4. பத்தில் வந்தாலும் பென்ஷன் இல்லை, பதினாலில் வந்தாலும் இல்லை. “இன்னும் நாலு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இரேன், ஏதாவது கிடைக்கும்” என்று நீங்கள் சொன்னால், கிடைக்கப்போவது நாலு வருடச் சம்பளமும் கொஞ்சம் கூடுதல் கிராஜுவிட்டியும்தான். போவது 34 வயது. வெளியே கம்பெனிக்காரன் 34 வயது மேஜரைப் பார்க்கும் கண் வேறு, 38 வயதுக்காரரைப் பார்க்கும் கண் வேறு. நான் தினமும் பார்க்கிறேன். 34-ல் வருகிறவரிடம் “என்ன கற்றுக்கொள்வீர்கள்” என்று கேட்கிறார்கள். 38-ல் வருகிறவரிடம் “என்ன தெரியும்” என்று கேட்கிறார்கள்.

ஆகவே உண்மையான தேர்வு இரண்டுதான். பத்தாவது வருடத்தில் நிரந்தரக் கமிஷனுக்குப் பரிசீலிப்பார்கள். அதற்கு மனதார நின்று, கிடைத்தால் முழுதாக இருப்பது. இல்லையென்றால் பத்தோடு வருவது. பதினாலு என்பது முடிவெடுக்கப் பயந்தவர்கள் தங்கும் சத்திரம். சொந்தக் காரணம் இருப்பவர்களைச் சொல்லவில்லை. கடன் முடிய வேண்டும், பிள்ளை பத்தாம் வகுப்பு என்று நியாயமான காரணங்கள் உண்டு. அதெல்லாம் இல்லாமல் சும்மா தள்ளிப்போடுவதற்காக அந்த நாலு வருடத்தை எடுக்கச் சொல்லாதீர்கள்.

அடுத்து, அவர் எதை விட்டு வருகிறார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ராணுவத்தையா, ஒரு சி.ஓ.வையா? இரண்டும் ஒன்று மாதிரியே தெரியும். எரிச்சலில் இருக்கும்போது அவருக்கே பிரித்துப் பார்க்க முடியாது. சி.ஓ. இரண்டரை வருடத்தில் மாறிவிடுவார். இப்போது இருப்பவர் வந்து எவ்வளவு நாளாயிற்று, எப்போது போகிறார் என்று பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். நாலு மாதத்தில் போகப்போகிறார் என்றால், அந்த ஆளுக்காக ஒரு வாழ்க்கையை மாற்றிக்கொள்வது வீண். எனக்குத் தெரிந்த ஒருவர், பணியில் தொடர விருப்பமா என்று கேட்கும் படிவத்தில் “வேண்டாம்” என்று எழுதி மடித்து வைத்திருந்தார். புது சி.ஓ. வந்து முதல் வாரத்தில் எல்லா கம்பெனி கமாண்டர்களையும் கூப்பிட்டு, “இந்த இந்த விஷயத்தில் என்னைக் கேட்காதீர்கள். செய்துவிட்டுச் சொன்னால் போதும். தப்பானால் என் பெயரைச் சொல்லுங்கள்” என்றாராம். படிவம் குப்பைக்குப் போயிற்று. இன்று அவரே ஒரு பட்டாலியன் நடத்துகிறார். அவர் கீழ் இருக்கும் கேப்டன்கள் யாரும் என்னிடம் இதுவரை வரவில்லை, அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் மகன் வேறு மாதிரி பதில் சொல்லலாம். “இவர் போனால் இன்னொருவர் இதே மாதிரிதான் வருவார், எனக்கு அந்த நாற்காலியே வேண்டாம்” என்று சொன்னால், தடுக்காதீர்கள். இளைஞர்கள் மேலே இரண்டு பதவி தள்ளி இருப்பவரைத்தான் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நான் கேப்டனாக இருந்தபோது என் சி.ஓ.வின் பெல்ட் முதல் சிகரெட் வரை பார்த்து வைத்திருந்தேன், அப்படி ஆக வேண்டும் என்று. இன்றைய பையன் பார்ப்பது, இரவு பதினொன்றரைக்கு பிரிகேடுக்குப் பவர்பாயிண்ட் திருத்தி அனுப்பும் நாற்பது வயது மனிதரை. அவர் ஆகப் பிடிக்கவில்லை என்று ஒருவன் தெளிவாகச் சொன்னால், அவனுக்கு எதிராக என்னிடம் வாதம் எதுவும் இல்லை.

வருவது என்று முடிவானால், ஒரு வருடம் முன்பே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பணியை விட்டு வரும் படையினருக்கான மறுவாழ்வு இயக்குநரகம் மூலம் ஐ.ஐ.எம்.களில் ஆறு மாத நிர்வாகப் படிப்பு நடக்கிறது. இடம் குறைவு, கடைசி நேரத்தில் ஓடினால் கிடைக்காது. முன்னாள் படையினருக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவ வசதி 2019-லிருந்து ஷார்ட் சர்வீஸ்காரர்களுக்கும் உண்டு, பணம் கட்டிச் சேர வேண்டும், மறந்துவிடுகிறார்கள். வீட்டுக்கடன் எதையும் இப்போது புதிதாக எடுக்க வேண்டாம். அப்புறம், பயோடேட்டாவில் “120 பேருக்குத் தலைமை தாங்கினேன்” என்று எழுதி அனுப்புவதை நிறுத்தச் சொல்லுங்கள். வெளியே யாருக்கும் அது புரியாது. எந்த மாதம், எந்த உயரத்துக்கு, எத்தனை டன் சாமான் ஏற்றினார், எத்தனை நாளில், எவ்வளவு சேதாரம் என்று எழுதினால் புரியும்.

விலகும் படிவத்தில் காரணம் என்ற கட்டம் வரும். என் கேப்டன் மாதிரி “மேல்படிப்பு” என்று எழுத வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். கௌரவமாக, யார் பெயரும் சொல்லாமல், நடந்ததை எழுதட்டும். எல்லோரும் மேல்படிப்பு, குடும்பம், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று எழுதுவதால், மேலே உட்கார்ந்து கூட்டிப் பார்க்கிறவருக்கு நம் இளைஞர்கள் எல்லாம் படிப்பில் ஆர்வமும் அப்பா மேல் பாசமும் உள்ளவர்கள் என்றுதான் தெரிகிறது.

அந்த முதல் சல்யூட்டைப் பற்றிக் கடைசியாக எழுதியிருந்தால் பரவாயில்லை, முதல் பத்தியிலேயே எழுதிவிட்டீர்கள். அதனால் புரிகிறது எங்கே வலிக்கிறது என்று. 26 வருடம் மேலதிகாரிகளுக்கு அடித்த கையால் சொந்த மகனுக்கு அடித்தீர்கள். அது கமிஷனுக்கு அடித்த சல்யூட் சாப். பத்து வருடம் அவர் அதை ஒழுங்காகச் சுமந்தார். திருப்பித் தர வேண்டியது ஒன்றும் இல்லை. ஊரில் யாராவது “என்ன, பையன் பாதியிலே வந்துட்டானாமே” என்று கேட்டால், ஷார்ட் சர்வீஸில் பத்து வருடம் என்பது பாதி இல்லை, முழுசு என்று சொல்லுங்கள். 1963-ல் பரங்கிமலையில் அந்தப் பள்ளியைத் தொடங்கியதே, கொஞ்ச வருடம் வந்து சேவை செய்துவிட்டுப் போகிற இளைஞர்களுக்காகத்தான்.

அடுத்த லீவில் வரும்போது முதல் நாளே “என்ன முடிவு பண்ணினாய்” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். இரண்டு நாள் தூங்கட்டும். மூன்றாம் நாள், குற்றாலத்தில் தண்ணீர் விழுந்தால் இரண்டு பேருமாகக் குளிக்கப் போங்கள். கம்பெனியில் ஆட்கள் எப்படி இருக்கிறார்கள் என்று மட்டும் கேளுங்கள். பெயர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தால், யாருக்குக் கல்யாணம், யாருக்கு முழங்கால் வலி என்று அடுக்கிக்கொண்டே போனால், நிரந்தரக் கமிஷனைப் பற்றி இன்னொரு முறை பேச இடம் இருக்கிறது. இரண்டு பெயரோடு நின்றுவிட்டால் என் நம்பரைக் கொடுங்கள். ஆசிரியரிடம் இருக்கிறது.